அவர் அட்டை போட்டுக் கொடுத்த புத்தகம்

அறுபதுகளின் கடைசியில், திருப்பூரில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது. தலைச்சன் பிள்ளை வயிற்றில். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டி, துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்க்கும் வேலை. என் கண்ணுக்கு ஒரு ஓட்டையும் தப்பாது என்று கம்பெனியில் எனக்கு நல்ல பேர். அந்தப் பேரை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

என் கணவருக்கு பனியன் பெட்டி செய்யும் அட்டைக் கடையில் வேலை. நாள் முழுக்க அட்டையை மடிப்பதும் பசை தடவி லேபிள் ஒட்டுவதும்தான். கணியூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வீட்டில் நாங்கள் இருவரும் கல்யாணமாகாத என் நாத்தனாரும் மட்டும். எனக்கு அம்மா இல்லை, மாமியாரும் இல்லை. உடம்புக்கு ஒன்று என்றால் யாரைப் போய்க் கேட்பது? எட்டாவது வரை படித்திருந்தேன். அதனால் ஒரு நல்ல புத்தகமாவது வாங்கித் தாருங்கள் என்று அவரை நச்சரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது, ஆண் குழந்தை பிறக்க என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லும் புத்தகம். அடுத்ததில் அட்டை முழுக்கக் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. உள்ளே பாதிக்கு மேல் பேர் வைக்கிற பட்டியல். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை நானே எடுத்தேன். ஒரு லேடி டாக்டர் எழுதியது. எந்த மாதம் உடம்பில் என்ன நடக்கும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தார். வயிற்றுக்குள் குழந்தை தலைகீழாக இருக்கிற படம்கூட இருந்தது.

"அது நர்சுக படிக்கறதுங்க. குடும்பப் பொம்பளைங்களுக்கு ஆகாதுங்க" என்றார் கடைக்காரர். சொன்னது என் கணவரிடம். வயிறு என்னுடையது, பேச்சு மட்டும் அவரோடு!

"இதுதானுங்க வேணும்" என்று அழுத்திச் சொன்னேன். இவர் தலையைக் குனிந்தபடி காசைக் கொடுத்தார். புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, திருட்டுச் சாமான் போல அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க கடைல அட்டை போட்டுக் கொண்டாறேன். கிழியாம இருக்கும்" என்றார் வழியில். சொன்னபடியே இரண்டு நாளில் கெட்டி அட்டை போட்டு, முதுகுக்குத் துணி ஒட்டிக் கொண்டுவந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டினேன்.

வேலை முடிந்து வந்து தினமும் வரிவரியாகப் படிப்பேன். ஓரிடத்தில் வாக்கியம் பாதியில் நின்றது. அடுத்த பக்கம் வேறு எதையோ பேசியது. அச்சுப் போட்டவன் தப்பு என்று மேலே போய்விட்டேன். கடையில் பார்த்த அந்தப் படமும் கண்ணில் படவில்லை. வேறு புத்தகத்தில் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு காலை எழுந்தபோது சேலை நனைந்திருந்தது. வலி இல்லை. தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாள் நாத்தனார். நான் புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் மாதம் முழுவதையும் தேடினேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பொஸ்தகத்துல இல்ல கண்ணு. பெருசா ஏதாச்சும் இருந்தா டாக்டரம்மா எழுதாம உடுவாங்களா?" என்று அவளுக்கு நானே தைரியம் சொன்னேன். என் கணவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் கம்பெனியிலேயே குளிர்க்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. குதிரை வண்டி பிடித்து, நாத்தனாரைத் துணைக்கு அழைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று நாளாகத் தண்ணீர் போகிறது என்றதும் நர்சம்மா கையிலிருந்த தட்டை டொக்கென்று வைத்தார். "புள்ளையக் கொல்லவா பாத்தே?" என்று கத்தினார்.

அன்று மாலையே பிரசவம். பெண் குழந்தை. அழவே இல்லை. தட்டித் தட்டி எழுப்பிய பிறகு மெல்ல முனகியது. பால் குடிக்கவில்லை, கண்ணைத் திறக்கவில்லை. எனக்கும் காய்ச்சல், அதற்கும் காய்ச்சல். பிழைக்குமா என்று கேட்டால் சாமியைக் கும்பிட்டுக்கோ என்றார்கள்.

நர்சம்மா மட்டும் வரும்போதெல்லாம் என்னைத் திட்டினார். புத்தகத்தில் அப்படி ஒன்றும் போடவில்லை என்று நானும் விடாமல் சாதித்தேன். கடைசியில் நாத்தனாரை அனுப்பி, புத்தகத்தையே வரவழைத்துக் காட்டினேன்.

நர்சம்மா புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "ஏம்மா, அறுபத்தஞ்சுக்கு அப்புறம் எழுபத்திரண்டு வருதே, பாக்கலையா? இந்தத் தாளு என்ன இவ்வளவு கெட்டியா இருக்கு?"

கத்தரிக்கோல் முனையை விட்டு நெம்பினார். நாலு தாள்கள், ஓரம் பிசகாமல் ஒன்றாக ஒட்டியிருந்தன. உள்ளே அந்தப் படம் இருந்தது. அதன் கீழேயே, வலி வராமல் நீர் கசிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம், கஞ்சி ஊற்றிய தூக்குப்போசியோடு வந்தார் என் கணவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பக்கத்தை விரித்துக் காட்டினேன். அத்தனை ஆத்திரத்திலும் பாழாய்ப்போன 'ங்க' மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.

"ஏனுங்க, இத நீங்கதான் ஒட்டுனீங்களா?"

அவர் தூக்குப்போசியைக் கீழே வைக்கவும் இல்லை. "கல்யாணமாகாத புள்ள இருக்கற ஊடு. படமெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு. அதான்..."

"ஒட்டறதுக்கு முன்னால படிச்சாச்சும் பாத்தீங்களா?"

"இல்ல. படத்தப் பாத்ததும் மூடிட்டேன்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படித்துவிட்டு ஒட்டியிருந்தால்கூட மடையன் என்று விட்டிருப்பேன். படிக்கவே இல்லை! என் பிள்ளையின் உயிரை ஒரு கை பசையில் மூடிவிட்டு, மேலே அழகாக அட்டையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். "போங்க இங்கிருந்து" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

ஐந்தாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து பால் குடித்தது. அதுவரை அவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தாராம். கிடக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் புத்தகத்தைக் கையில் கொடுத்து, அந்தப் பக்கங்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நாத்தனாரையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். பசையோடு எழுத்து பிய்ந்துபோன இடங்களில் எல்லாம் அவர் குரலும் நின்றது. முழுதாகப் படித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவிடவில்லை. நாத்தனார் கல்யாணமாகிப் போனபோது அந்தப் புத்தகத்தையேதான் அவளுக்குக் கொடுத்தனுப்பினேன்.

பிழைத்து வந்த என் மகள் பிற்பாடு கர்ப்பமானபோது, மருமகன் ஒரு புத்தகம் வாங்கிவந்தார். அவர் எதிரிலேயே அதை வாங்கி, ஒன்றிலிருந்து கடைசி வரை பக்க எண்களைப் பார்த்து, ஒவ்வொரு தாளாக விரலால் பிரித்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள், என் கணவர் ஒருவரைத் தவிர. அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதை வெட்கம் என்று சொல்லி ஒரு பெண்ணிடமிருந்து மறைப்பவர்களைக் கண்டால் வரும் கோபம் மட்டும், இத்தனை வயதாகியும் எனக்குத் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.