ஒரு மணி நேரச் சூடு

ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு அலுப்புதான். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று பார்த்தால், விடிகிற நேரத்துக்கு வாசலில் குட்டியானை வேன் வந்து நிற்கும். அதில் என் வீட்டுக்காரரின் ரேஸ் வண்டி ஏறும். மைக் செட் கடையில் வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் ஏறும். தண்ணீர்க் கேன் ஏறும். கடைசியாக, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு நான் ஏறுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. நாகமலை புதுக்கோட்டையில் குடியிருந்தோம். அவருக்கு வண்டியூரில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை. மதுரையில் ரேஸ் டிராக்குக்கு எங்கே போவது? கிழக்கே இரண்டு மணி நேரம் போனால் கருவேலங்காட்டுக்கு நடுவே, எப்போதோ கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. திருச்சி, திண்டுக்கல், மதுரை ஆட்கள் இருபது பேர் அனுமதி வாங்கி, வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவுகள் உண்டாக்கி, ஞாயிறு தவறாமல் அங்கே ஓட்டினார்கள். அதற்கு டிராக் டே என்று பெயர். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. ஆசை தீர ஓட்டுவார்கள், அவ்வளவுதான்.

அங்கே எனக்கு ஒரே ஒரு வேலை. டயர் வார்மரைப் பார்த்துக்கொள்வது. கம்பளி மாதிரித் தடித்த உறை, உள்ளே கரண்டுக் கம்பி ஓடும். சிங்கப்பூரில் இருந்த அவருடைய சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்தது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, இரண்டு டயரிலும் உறையைச் சுற்றி, ஜெனரேட்டரில் சொருகி ஒரு மணி நேரம் விட வேண்டும். ரேஸ் டயரின் ரப்பர் சூடாக இருந்தால்தான் தரையைப் பிடிக்கும். மேலே மட்டும் சுட்டால் போதாது, உள்ளே ரிம் வரை சூடு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே வாரிவிட்டுவிடும். இதை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

"நம்ம ஊரு வெயில்ல மனுசனே வெந்து போறான். உங்க வீட்டுல டயருக்குக் கம்பளி போத்துறாகளாமே?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான்.

கடையில் இருக்கும்போது அவரிடமிருந்து நாலு வார்த்தை பிடுங்குவது பெரும்பாடு. வண்டியை விட்டு இறங்கிவிட்டால் பேச்சு நிற்காது. எந்த வளைவில் எவ்வளவு சாய்ந்தேன், முழங்கால் எங்கே தரையில் உரசியது என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வருவார். நான் பாதி தூக்கத்தில் 'ம்' கொட்டுவேன். இந்தக் கிறுக்கு எப்போது தெளியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று ஐப்பசி மாதத்து ஞாயிறு. முந்தின நாள் மழை பெய்திருந்தது. வானம் மூடியே கிடந்தது.

"இந்தா, இன்னைக்கு வெயில் இல்ல. தரை சில்லுன்னு கெடக்கு. முழுசா ஒரு மணி நேரம் ஓடணும், பாத்துக்க. நான் ஓட்டுறவுக மீட்டிங்குக்குப் போயிட்டு வாரேன்" என்றார்.

ஜெனரேட்டர் காதருகே தடதடவென்று அடித்தது. புகை நேராக என் முகத்துக்கு வந்தது. முதல் நாளே பிடித்த தலைவலி. ஒரு விடைத்தாளை மூன்று தடவை கூட்டி மூன்று விதமாக மதிப்பெண் வந்தது. கால் மணி நேரம் பொறுத்தேன். உறையைக் கொஞ்சம் விலக்கி டயரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. இதற்கு மேல் என்ன சூடு வேண்டும் என்று ஜெனரேட்டரை அணைத்துவிட்டேன். தலைவலிக்காக மட்டும் அணைத்தேன் என்று சொன்னால் அது பொய். அதில் கோபமும் இருந்தது.

அந்த நிசப்தம் அவ்வளவு சுகமாக இருந்தது. இருபது தாள் திருத்தினேன். மீட்டிங் கலைகிற சத்தம் கேட்டதும் அவசரமாக மறுபடி ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அவர் வந்தார். உறைகளைக் கழற்றி டயரின் மேல் உள்ளங்கையை வைத்தார், மேலே சுட்டது.

"ஒரு மணி நேரம் ஆச்சுல்ல?"

"ஆச்சுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எதையும் சோதிக்கவில்லை. என்னை நம்பிக் கிளம்பினார். முதல் இடது வளைவில் எப்போதும்போல் சாய்ந்தார், பின் டயர் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கமாக வைக்கோல் கட்டு வரை இழுபட்டுப் போனார். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

தோள்பட்டை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்திருந்தன. மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் படுத்திருந்த நாளெல்லாம் அந்த வளைவையே நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "டயர்ல குத்தமில்ல, நீ ஒரு மணி நேரம் வச்சிருந்த. எனக்குத்தான் ஓட்டுற கைப்பக்குவம் போயிருச்சு. இனி நமக்கு வராது" என்றார். வண்டியைத் திருச்சிக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். வார்மர்களும் கூடவே போயின. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் விழ வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நிறுத்த வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அவர் மத்தியானம்வரை டிவி பார்ப்பார். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். ரோட்டில் வேகமாக ஒரு வண்டி போனால்கூடத் தலையைத் திருப்ப மாட்டார். நான் ஓய்வெடுத்தேன், அலுப்பு மட்டும் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தத் திருச்சிக்காரர் போன் செய்தார். அதுவரை சும்மா கிடந்த வார்மரை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்டிருப்பார் போல.

"ஒரு மணி நேரம் அண்ணே. என் வீட்டுக்காரி மாதிரி ஒரு ஆளப் பக்கத்துல வச்சுக்கங்க. ஒரு நிமிசம் கொறைய விடமாட்டா" என்றார் இவர்.

கையில் இருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு அடுக்களையிலிருந்து வந்தேன். அவர் போனை வைக்கும்வரை நின்றேன்.

"அன்னைக்கு நான் ஜெனரேட்டர அணைச்சுட்டேங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "எம்புட்டு நேரம்?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டார்.

பிறகு, "அப்ப நான் ஓட்டுனது சரிதானா?" என்று கேட்டார்.

"சரிதாங்க" என்றேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. வண்டி திருச்சியில் இருந்தது.