கூரை அறுத்த கார்

நடந்தவை இவ்வளவுதான்:

1. என் சின்னத்தா ஒரு பழைய அமெரிக்கக் காரின் கூரையை அறுத்து எடுத்து, அதைக் கல்யாண ஊர்வலக் காராக மாற்றினார்.
2. ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளியின் மகன் பழைய கார்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார். எங்கள் காரையும் கேட்டு வாங்கி அதில் நிறுத்தினார்.
3. அங்கே ஒவ்வொரு காரைப் பற்றியும் விளக்கிச் சொன்னவரின் இங்கிலீஷை நான் மனப்பாடம் செய்தேன்.
4. சின்னத்தாவை மாப்பிள்ளை பார்க்க வத்திராயிருப்பிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, அதைச் சொல்லிக் காட்டினேன்.
5. அந்தச் சம்பந்தம் முறிந்தது.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் தொடர்பு உண்டென்று எங்கள் வீட்டில் அப்போது யாரும் நினைக்கவில்லை. இப்போதும் நினைப்பதில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; சின்னத்தா அவருடைய தம்பி. இருவரும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒர்க்‌ஷாப் நடத்தினார்கள். அந்தக் கார் எஞ்சின் செத்து, கூரை துருப்பிடித்து எங்களிடம் வந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அத்தா. சின்னத்தா கேட்கவில்லை. கூரையை அறுத்தார். பழைய வேன் ஒன்றின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டினார். பின்சீட்டை ஒரு முழம் உயர்த்திச் சிவப்பு வெல்வெட் போட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்தால் மாடியில் நிற்கிற பெண்களுக்கும் தெருவில் நிற்கிற பிள்ளைகளுக்கும் முகம் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

கூரையை அறுத்தால் காரின் உடம்பு நடுவில் தொய்யும். கதவு சரியாகப் பொருந்தாது. சின்னத்தாவுக்கு அது அறுத்த பிறகுதான் தெரிந்தது. அடியில் இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்தார். அப்படியும் வலது கதவு மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினார். கயிறு தெரியாமல் மேலே பூச்சரம் சுற்றினார். நான் இப்போது கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். அந்த வேலையை என்னிடம் சோதனைக்குக் கொடுத்தால் தேறாது என்றுதான் எழுதுவேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்களிலும் சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டு மாப்பிள்ளைகளும் அந்தக் காரில்தான் ஊர்வலம் போனார்கள். ஓட்டுகிறவர் எப்போதும் சின்னத்தா. அதற்கென்று ஜரிகைத் தலைப்பாகை வைத்திருந்தார். முப்பது வயது தாண்டியிருந்தது. வந்த பேச்சுகள் எல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிக்கொண்டே போயின.

“ஒருநா நான் பின்னால உக்காருவேன்லா, அன்னிக்கு யாரு ஓட்டுவாங்கிறதுதான் ஒரே ரோசனையா இருக்கு” என்பார்.

“நான் ஓட்டுதேன். மொதல்ல பின்னால உக்கார வழியப் பாரு” என்பார் அத்தா.

மில் முதலாளியின் மகனான சின்ன முதலாளி ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அமெரிக்காவில் படித்தவர். மில்லின் பழைய பஞ்சு கோடவுனை வெள்ளையடித்து மியூசியம் ஆக்கியிருந்தார். எங்கள் காரைச் சுற்றி வந்தார். கதவைக் கட்டிய கயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். “பாய், கல்யாணத்துக்கு எப்படி வருவீங்களோ அப்படியே வந்து கார் பக்கத்துல நிக்கணும். தலைப்பாகையோட” என்றார். சின்னத்தா அன்றே தலைப்பாகையைச் சலவைக்குப் போட்டார்.

கண்காட்சியில் முதலாவதாக நின்றது சின்ன முதலாளியின் சொந்தக் கார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அதன் கூரையையும் யாரோ அறுத்து, தாழ்த்தி ஒட்டியிருந்தார்கள். வேறு ஏதோ வண்டியின் பெரிய எஞ்சின் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நெருப்பு எரிவதுபோலப் பெயின்ட். டை கட்டிய ஒருவர் அதைப் பற்றி இங்கிலீஷில் பேசும்போது கூட்டம் பள்ளிவாசலில் நிற்பதுபோல் நின்றது. எங்கள் கார் கடைசியில், வெளியே போகும் வழியில் நின்றது. அங்கே வந்ததும் டை கட்டியவரின் குரல் மாறும். படித்தவர்கள், வெளியூர்க்காரர்கள், மில் ஆபீசர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். ஓர் இடத்தில் அவர் கையை நீட்டுவார். எல்லோரும் சின்னத்தாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னத்தா சலாம் வைப்பார். சிரிப்பு இன்னும் பெரிதாகும். அவரும் சிரித்துக்கொண்டே ரப்பர் ஹாரனை அமுக்குவார். நான் கை தட்டுவேன்.

“என்ன சொல்லுதாவன்னு யாருகிட்டயாச்சும் கேட்டீயளா?” என்றாள் அம்மா.

“கேக்கணுமா மதினி? மூஞ்சியப் பாத்தா தெரியலையா? எம்புட்டுச் சந்தோசமாப் போறாவ!”

எனக்குப் பள்ளி விடுமுறை. சின்னத்தாவோடு தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போவேன். மூன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நான் காலையில் மதரசாவுக்கு ஓதப் போகிற பிள்ளை. தெரியாத பாஷையை ஒலி பிசகாமல் மனதில் ஏற்றுவது எங்களுக்குப் பழகிய வேலை. “மொதல்ல உச்சரிப்பு. பொருள் பொறவு வரும்” என்பார் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத். அந்த முறையிலேயே முதல் காரின் பேச்சையும் கடைசிக் காரின் பேச்சையும் ஏற்றிக்கொண்டேன். வீட்டில் முதல் காரின் பேச்சை யாரும் கேட்கவில்லை. எங்கள் காருடையதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அத்தா ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லச் சொன்னார்.

வத்திராயிருப்பிலிருந்து பெண்ணின் அத்தாவும் அவருடைய தம்பியும் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார்கள். பெண்ணின் அத்தா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு நல்லபடியாகவே போனது. பெண்ணுக்கும் சம்மதம், நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்றார் தம்பி.

“ஊர்வலத்துக்கு வண்டி நம்ம வண்டியேதான” என்றார் பெண்ணின் அத்தா. “எங்க, காணோம்?”

“மியூசியத்துல நிக்கி!” சின்னத்தாவின் குரல் உயர்ந்தது. “இங்கிலீசுல அதப் பத்திப் பேசுதாவ. நம்ம புள்ள அப்படியே சொல்லும். ஏட்டி, வா இங்க. சொல்லு.”

பெஞ்சின் மேல் ஏறி நின்று சொன்னேன். டை கட்டியவர் நிறுத்திய இடங்களில் நிறுத்தினேன். அவர் கை நீட்டிய இடத்தில் சின்னத்தாவை நோக்கிக் கை நீட்டினேன். சின்னத்தா எழுந்து சலாம் வைத்தார். வீடே சிரித்தது. பெண்ணின் சித்தப்பாவும் சிரித்தார். பெண்ணின் அத்தா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“இத அவரு எத்தன நாளாச் சொல்லுதாரு?”

“தெனமும்தான். நான் பக்கத்துலயே நிக்கேன்லா!”

“நீங்க என்ன செய்வீங்க?”

“இந்தா, இப்பச் செஞ்சனே, இதேதான். சலாம் வைப்பேன்.”

அவர் மாம்பழக் கூடையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். “நல்லாச் சொன்னம்மா. இனிமே இத யாருக்கும் சொல்லாத” என்றார். வாசலில் சின்னத்தாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் போய்விட்டார்.

“புள்ளைக்குக் கண்ணு பட்டுரும்னு பயப்படுதாரு. பாசமான மனுசன்” என்றார் சின்னத்தா. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கையைப் பிடித்ததால் கல்யாணம் முடிவாகிவிட்டது என்று தெருப் பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன்.

இரண்டொரு நாளில் தரகர் வந்து, அவர்கள் படித்த மாப்பிள்ளையாகப் பார்க்கிறார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் காரணம் தேடினார்கள். டீயில் சர்க்கரை குறைவு என்றாள் அம்மா. வீட்டுக்குள் ஆயில் வாசனை அடித்தது என்றார் அத்தா. சின்னத்தா தன் வயது என்றார். மறுநாளும் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ராஜபாளையம் போனார். கண்காட்சி முடிய இன்னும் நாள் இருந்தது.

பொருள் எனக்குக் கல்லூரியில் வந்தது. லைப்ரரியில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டினேன். கூரை அறுத்து, எஞ்சின் மாற்றிய கார்கள் பக்கம் பக்கமாக இருந்தன. செய்தவர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில்; கையில் கோப்பைகள். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே உள்ளே கிடந்த அந்த ஒலிகள் ஒவ்வொன்றாக வார்த்தைகளாகின. முதல் காரைப் பற்றி அவர் சொன்னது: இது இரும்பில் செய்த கலை, அறுத்த கைக்கு வணக்கம். கடைசிக் காரைப் பற்றிச் சொன்னது: இது ஒரு காலத்தில் சீமாட்டி, ஒரு கிராமத்து மெக்கானிக் இதன் தலையை ரம்பத்தால் வெட்டிவிட்டான், மதிப்புத் தெரியாதவர்கள் கையில் நல்ல பொருள் கிடைத்தால் என்ன ஆகும் என்று காட்டவே இதை இங்கே வைத்திருக்கிறோம், அதோ, தலைப்பாகையோடு நிற்பவர்தான் குற்றவாளி, கோபப்படாதீர்கள், ஏதோ நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த இடத்தில்தான் சின்னத்தா சலாம் வைப்பார்.

சின்ன முதலாளியை நான் மன்னிக்கவில்லை. டை கட்டியவரையும் இல்லை. பெண்ணின் அத்தாவைப் பற்றித்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. எங்கள் வீட்டில் அன்று இருந்தவர்களில், பட்டாளத்தில் பழகிய இங்கிலீஷால் விஷயம் புரிந்த ஒரே மனிதர் அவர். சொல்லியிருக்கலாம். “நாளையிலருந்து அங்க போகாதீங்க” என்ற ஒரு வாக்கியம் போதும். ஊர் சிரிக்கிற மனிதருக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனமில்லை. அதைச் சொல்லவும் மனமில்லை. தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவர் அன்று கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தது விடைபெறுவதற்காக என்பது பழத்தைத் தின்றுகொண்டு நின்ற எனக்குத் தெரியவில்லை.

சின்னத்தாவுக்குத் தலை முழுவதும் நரைத்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. கார் ஒர்க்‌ஷாப்பின் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அதன் பின்சீட்டில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பெருநாளுக்கு நான் ஊருக்குப் போனால், சாப்பிட்டு முடித்ததும், “ஏட்டி, அந்த இங்கிலீசச் சொல்லேன், கேட்டு நாளாச்சு” என்கிறார். மறந்துபோச்சு என்கிறேன். இம்புட்டுப் படிச்சும் அத மறந்துட்டியே என்று வருத்தப்படுகிறார்.