தம்பிக்கு எடுத்து வைத்த மூச்சு

நாலாம் படுக்கைக்காரர் தியோப்பிராவின் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவி காலையெல்லாம் தொண்ணூறு காட்டும். மதியம் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் எண் எழுபத்தெட்டுக்கு இறங்கி, இயந்திரம் கத்தத் தொடங்கிவிடும். செவிலி மெரே ஓடி வந்து பார்த்தால், ஆக்சிஜன் முகமூடி தாடைக்குக் கீழே தொங்கும்.

"மாமா, மறுபடியும் கழட்டிட்டீங்களா?"

"வந்தவங்கள ஹொங்கி பண்ணாம அனுப்பச் சொல்றியா? நீயும் நம்ம புள்ளதானே?"

மெரேயும் அவரைப் போல மாவோரிப் பழங்குடிப் பெண்தான். நெற்றியும் மூக்கும் ஒட்ட ஒரே மூச்சை இருவரும் இழுக்கிற ஹொங்கி இல்லாமல் அவள் வீட்டிலும் யாரையும் வரவேற்பதில்லை. தியோப்பிராவோ அந்தக் கடலோர ஊரில் பாதிப் பேருக்கு உறவு. ஒரு மதியத்துக்குப் பதினைந்து பேர் வந்தார்கள், பதினைந்து முறை முகமூடி இறங்கியது.

அவர் கணக்கு வேறு. நாற்பது வருஷம் பாறைக்கடலில் மூச்சடக்கி மூழ்கி பாவாச் சிப்பி பெயர்த்தவர். மேலே நன்றாக நாலு இழுப்பு இழுத்துக்கொண்டால் கீழே இரண்டு நிமிஷம் ஓடும். அதேபோல முகமூடியில் பத்து இழுப்பு இழுத்துவிட்டால் உறவுக்காரர் போகும்வரை ஓட்டிவிடலாம் என்று நம்பினார். கரையேறியதும் பற்றவைத்த சிகரெட்டுகள் எத்தனை என்பதை மட்டும் யார் கேட்டாலும் காது கேட்காது.

"ஆக்சிஜன எடுத்து வைக்க உடம்புல அலமாரி கிடையாது மாமா," என்றாள் மெரே. "இந்த அறைக் காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்சிஜன். நல்ல நுரையீரலுக்கு அது போதும். உங்களுக்கு அதை ரத்தத்துல சேர்க்கிற குட்டிக் குட்டிப் பைங்க பாதி கிழிஞ்சு கிடக்கு. அதான் சுவர்லேர்ந்து குழாய் வழியா கூடுதலா வருது. முகமூடி அதை உங்க மூக்குகிட்ட நிறுத்தி வைக்குது. நீங்க விடுற மூச்சு இந்த ஓட்டை வழியா வெளிய போகுது. கழட்டினா ரெண்டே நிமிஷத்துல பழைய கதைதான்."

"ரெண்டு நிமிஷத்துல நான் ஆறு சிப்பி எடுப்பேன்."

"எடுப்பீங்க, எடுப்பீங்க," என்று முகமூடியை ஏற்றி மாட்டிவிட்டுப் போனாள்.

இத்தனை மூக்குகள் வந்தும் அவர் ஏங்கியது ஒரே ஒரு மூக்குக்கு. தம்பி ஹேனாரே. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இறந்த அம்மாவை ஊர்ப் பொதுக்கூடமான மராயியில் கிடத்தியிருந்தபோது, ஆஸ்திரேலியச் சுரங்க வேலையிலிருந்து அவன் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான். கடைசி வாரம் முழுக்க அம்மா அவன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசையில் ஒவ்வொருவராக மூக்கு சேர்த்துக்கொண்டே வந்தவன் அண்ணன் முன்னால் வந்து குனிந்தான். ஊரே பார்க்க அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடக்கம் முடிந்ததும் போன ஹேனாரே பிறகு வரவேயில்லை.

பாவி, ஒரு மூச்சு கொடுத்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? அப்போது மார்பு நிறைய மூச்சு இருந்ததே. இதை நினைக்கும்போதெல்லாம் தியோப்பிராவுக்குக் கண் கலங்கும்.

சனிக்கிழமை காலை வருவதாக ஹேனாரே செய்தி அனுப்பினான். அன்றிலிருந்து அவர் மெரேயை விடவில்லை.

"சுவர்ல காத்த அளக்கிற கண்ணாடிக் குழாய்ல அந்தக் குண்டை உச்சிக்கு ஏத்திவிடேன் புள்ள. தம்பி வர்றதுக்குள்ள கொஞ்சம் சேர்த்து வச்சுக்கிறேன்."

"குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. உங்க மாதிரி நுரையீரலுக்கு அளவு மீறினா கெட்ட காத்து உள்ளயே தங்கிடும். அப்படியே மயங்கித் தூங்கிடுவீங்க. குமிழ்ல கை வச்சீங்க, அவ்வளவுதான்!"

சனிக்கிழமை விடிந்ததும், மெரே அடுத்த அறைக்குப் போன நேரம் பார்த்து அவர் கையை நீட்டிக் குமிழைத் திருகினார். குண்டு உச்சிக்கு ஏறியது. மூழ்கப் போகிறவரைப் போல ஆழமாக இழுத்தார். விரல் கருவி தொண்ணூற்றொன்பது காட்டியதால் இயந்திரமும் கத்தவில்லை. கண் சொக்கியது.

கண் திறந்தபோது தலை வெடித்தது. சன்னலில் மதிய வெயில். பக்கத்தில் டாக்டரும் மெரேயும் நின்றார்கள். குண்டு பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது.

"அஞ்சு மணி நேரம் உயிர வாங்கிட்டீங்க மாமா," என்றாள் மெரே. அவள் கண் சிவந்திருந்தது.

நாற்காலியில் நரைத்த, தொப்பை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தியோப்பிராவுக்கு யாரென்று தெரியவில்லை. பிறகு மூக்கைப் பார்த்தார். அம்மாவின் மூக்கு.

"அண்ணே," என்று எழுந்தான் ஹேனாரே. ஆனால் குனியவில்லை. ஒருமுறை குனிந்து பார்த்தவன் அவன்.

தியோப்பிராவின் கை முகமூடிக்குப் போனது. மெரே அதைத் தடுக்க வந்தாள், இருவர் முகத்தையும் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். அவர் சரியென்று தலையசைத்தார்.

"ஒரே ஒரு மூச்சு," என்றாள். "நான் எண்ணுவேன்."

"நீ குனியாத, தம்பி. இந்தத் தடவை நான்தான் வரணும்."

முழங்கையை ஊன்றி எழுந்து, தம்பியின் நெற்றியில் நெற்றியை வைத்தார். மூக்கு மூக்கோடு சேர்ந்தது.

"ஒண்ணு ஆச்சு மாமா. போதும்."

"பதினாறு வருஷத்துக்கு ஒண்ணு பத்துமாடி?"

இன்னும் இரண்டு இழுத்தார். எண் எழுபத்தொன்பதுக்கு இறங்கி இயந்திரம் கத்தியது. ஹேனாரே தோளைப் பிடித்து அவரை மெல்லச் சாய்த்தான்.

"நாளைக்கு... இருப்பியா?"

"இருப்பேண்ணே. திரும்பிப் போக டிக்கெட் போடல."

தியோப்பிரா யாரும் சொல்லாமல் தானே முகமூடியை இழுத்து மூக்கின் மேல் வைத்து, பட்டையை இறுக்கிக்கொண்டார்.