வேறு வைத்த பெட்டி

"சொந்தமாக் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவுக வெளையாடுற வெளையாட்டும்மா இது. ஒனக்கு எதுக்கு?"

எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் உதவியாளர் இப்படிக் கேட்டபோது என் கையில் ஒரு சிடி இருந்தது. கணினி மாத இதழ் ஒன்றின் அட்டையில் ஒட்டி வந்த சிடி. மேலே லினக்ஸ் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அது என்னவென்று விசாரிக்கத்தான் அவரிடம் போனேன். விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற இன்னொரு மென்பொருள், யார் யாரோ சேர்ந்து எழுதி உலகத்துக்குச் சும்மா கொடுக்கிறார்கள் என்றார். ஏன் சும்மா கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. எனக்குச் சொந்தக் கணினி இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா காரைக்குடிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அம்மா கொத்தமங்கலத்தில் ஓர் ஆச்சி வீட்டில் சமையல் செய்கிறார். அந்த வீட்டில் ஒரு கணினி இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஆச்சி அதைத் தொடமாட்டார். சனிக்கிழமைதோறும் அவர் சொல்லச் சொல்ல, மகனுக்கு நான் தமிழில் கடிதம் அடித்து அச்செடுத்துக் கொடுப்பேன். அதற்குப் பதிலாக மற்ற நாட்களில் கல்லூரி விட்டு வந்ததும் விளக்கு வைக்கும் நேரம் வரை அது எனக்கு. அந்த வீட்டில் அதற்குப் 'பெட்டி' என்றுதான் பெயர்.

அது பி.எஸ்சி. மூன்றாம் வருடம், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் தொடக்கம். புராஜெக்ட் செய்ய வேண்டும். யார் யார் சேர்ந்து, எந்தக் கணினியில், எந்த இயக்க மென்பொருளில் செய்யப்போகிறோம் என்று ஒரு படிவத்தில் எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர். அந்த மூன்று பேரில் ஒரு பெண் இருந்தால், நிரல் எழுதுவது மற்ற இருவரும், ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படியெடுப்பது அவளும் என்பது எங்கள் வகுப்பில் சொல்லாமலே நடந்துகொண்டிருந்த ஏற்பாடு. என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆகவே மூன்று குழுக்கள் என்னைக் கூப்பிட்டன. எனக்கு வேண்டியிருந்தது வேறு. நான் எழுதும் நிரலின் கீழே என் பெயர் மட்டும் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி ஆச்சி வீட்டுப் பெட்டி. அந்தப் பெட்டியில் நிரல் எழுத ஒரு வசதியும் இல்லை. சிடியில் எல்லாம் இருந்தது.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த ஆசிரியை, "இண்டர்வியூவுல இதப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்கம்மா. விண்டோஸ்ல பட்டன் வச்சு, கலர் வச்சு ஒண்ணு பண்ணு, பாக்குறவங்களுக்குப் பளிச்சுன்னு இருக்கும்" என்றார். எங்கள் பேருந்தில் வந்துபோய்ப் படித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த அண்ணன் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். அவர் என் சிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "லினக்ஸ்லயே பத்து வகை இருக்கு. இது ஊட்டி விடுற வகை. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, எல்லாத்தையும் நாமளே கையால செய்யணும். அதப் போட்டாத்தான் படிப்பு" என்றார். உதவியாளர் மறுபடியும், "கெட்டுப்போனா யாரப் போயிக் கேப்ப? விக்கிறவன் இருந்தாத்தானே சட்டையப் புடிக்க முடியும்?" என்றார்.

மூன்றுமே யோசிக்க வேண்டியவையாகத்தான் இருந்தன. ஆனால் அவர்களில் யாரும் சிடிக்குள் இருந்த உரிமக் காகிதத்தைப் படித்திருக்கவில்லை. நான் படித்தேன். ஆய்வகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு மதிய இடைவேளைகள். இதை நகலெடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது அவருக்கும் இதே உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்த காகிதங்களெல்லாம் எதையாவது செய்யாதே என்று சொன்னவை, அல்லது அப்பாவின் கைநாட்டைக் கேட்டவை. செய்யலாம், செய்யலாம் என்று வரிக்கு வரி சொன்ன காகிதத்தை நான் பார்த்ததே இல்லை. சந்தேகமாகவும் இருந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

படிவம் கொடுக்க ஒரு வாரம் இருந்தபோது ஆச்சியிடம் போனேன். ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் இருக்க வேண்டும், லினக்ஸும் இருக்க வேண்டும் என்றால் டிஸ்க்கில் இருக்கும் இடத்தைப் பிரிக்க வேண்டும். ஆச்சியின் கடிதங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. சொல்லாமல் செய்வது தப்பு. ஆச்சி வளவில், வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்து காயவைத்த மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, பெட்டியில புதுசா ஒண்ணு போடணும்."

"போடேன். அதுக்கு எதுக்கு எங்கிட்ட வந்து நிக்கிற?"

"இல்ல ஆச்சி, போடணும்னா மொதல்ல பாகம் பிரிக்கணும்."

மிளகாய் கிள்ளிய கை நின்றது. "என்னத்தப் பிரிக்கணும்?"

"பாகம் ஆச்சி. ஆளுக்குப் பாதி."

"யாருடி ஒனக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புனது?"

"யாரும் இல்ல ஆச்சி. புத்தகத்துல போட்டிருக்கு."

"என் வீட்டுக்குள்ள வந்து பாகம் பிரிக்கச் சொல்லி எந்தப் புத்தகத்துலடி போட்டிருக்கு? எந்திரிச்சுப் போடி அங்குட்டு!"

மறுநாள் போனபோது பெட்டி இருந்த அறை பூட்டியிருந்தது. சாவி ஆச்சியின் இடுப்பில் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த வீட்ல எந்தப் பேச்ச எடுக்கக் கூடாதோ அதப் பாத்து எடுத்துட்டு வந்திருக்கா, படிச்ச புள்ள! பங்காளிக வீட்டப் பாகம் பிரிக்கணும்னு மூணு வருசமாக் கோர்ட்டுல நிக்கிறாக. வெல்லப் பாகுன்னு சொல்லவே அங்க எனக்கு வாய் கூசும். நீ நேரா போயி, ஆச்சி பாகம் பிரிப்போம்ங்கிற. எம் பொழப்புக்குல்ல ஒல வச்சுட்ட."

பார்ட்டிஷன் என்ற சொல்லுக்கு அகராதியில் கிடைத்த தமிழைச் சொன்னேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அம்மா விடவில்லை. "ஒண்ணா இருக்கிறத வெட்டுறதுன்னா யாருக்குத்தான் பொறுக்கும்? கல்யாணமான மகன வேறு வைக்கிறது வேற கத. அதுக்கு ஆச்சியே மொத ஆளா நின்னு எல்லாம் செய்வாக."

சோற்றுக் கையோடு நிமிர்ந்தேன்.

வேறு வைப்பது என்பது அந்த வீடுகளின் வழக்கம். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் போனதும் மகனுக்கும் மருமகளுக்கும் அதே வீட்டுக்குள் ஓர் அறையையும் ஓர் அடுப்பையும் தனியாக ஒதுக்கிக் கொடுப்பார்கள். குறுக்கே சுவர் எழும்பாது. கூரை ஒன்றுதான், வாசல் ஒன்றுதான், வளவு எல்லாருக்கும் பொது. சமையல் மட்டும் தனி. டிஸ்க்கில் நடக்கப்போவதும் இதுதானே! என் பாடப் புத்தகத்தில் இருந்த படத்தைவிட அம்மா சொன்னது சரியாகப் பொருந்தியது. படிவத்துக்கு அப்போது மூன்று நாள்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மாலை அறை வாசலிலேயே நின்றேன்.

"ஆச்சி, அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். பாகம் இல்ல ஆச்சி. பெட்டிய வேறு வைக்கணும்."

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார, யாருட்ட இருந்து?"

"இப்ப ஒண்ணு குடியிருக்குல்ல ஆச்சி, ஒங்க கடுதாசி எல்லாம் வச்சிருக்கிறது. அது அப்படியே இருக்கும். புதுசா ஒண்ணு வருது. அதுக்கு ஒரு ரூமு, ஒரு அடுப்பு."

"ரெண்டும் ஒரே நேரத்துல ஒல வைக்குமா?"

"இல்ல ஆச்சி. பெட்டியத் தொறக்கும்போதே யாரு சமைக்கிறதுன்னு கேக்கும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான்."

"அப்ப மாமியா மருமக சண்ட கெடையாது." ஆச்சியின் உதட்டோரம் லேசாக இளகியது. "ஒண்ணு ரூமுக்குள்ள இன்னொண்ணு போகுமா?"

"புதுசு போயிப் பழசு ரூமப் பாக்கலாம் ஆச்சி. பழசுக்குப் புதுசு இருக்கிறதே தெரியாது."

"அது எல்லா வீட்லயும் உள்ளதுதான்டி. மருமகதான் மாமியா டப்பாவத் தொறந்து பாப்பா." சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "இத மொதல்லயே இப்படிச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? நாளைக்கு ராகு காலம் கழிச்சு வை. ஆனா ஒண்ணு. என் கடுதாசியில ஒரு எழுத்து கொறஞ்சாலும், அப்பறம் நீ இந்தப் பெட்டிப் பக்கமே வரப்புடாது. ஒங்காத்தாளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

சனிக்கிழமை பத்தரைக்கு மேல் உட்கார்ந்தேன். ஆச்சியின் கடிதங்கள் முழுவதையும் முதலில் இரண்டு ஃபிளாப்பிகளில் படியெடுத்தேன். டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கச் செய்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை ஆச்சியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். காலியான பக்கத்தைத் தனியாகப் பிரித்து, அண்ணன் சொன்ன வகையை அல்ல, என் சிடியில் இருந்ததையே அதில் போட்டேன். ஊட்டி விட்டால் விடட்டும், சாப்பிட்டுப் பார்க்காமல் சமையலைக் கற்றுக்கொள்வது எப்படி? அது கேள்வி கேட்டது, நான் பதில் சொன்னேன். முடிவில் ஒரு காலி ஃபிளாப்பியைப் போடச் சொன்னது. ஆபத்துக்கு உதவும் என்று எழுதியிருந்தது. அதையும் போட்டு எடுத்துவைத்தேன்.

கணினியை அணைத்துத் திறந்தேன். கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. அதோடு நின்றுவிட்டது.

மறுபடி திறந்தேன். அதே இரண்டு எழுத்து. விண்டோஸும் வரவில்லை. எதுவும் வரவில்லை.

"என்னடி, கடுதாசி சொல்லவா?" என்று ஆச்சி வளவிலிருந்து கேட்டார்.

"இந்தா ஆச்சி, செத்த நேரம்."

அடுப்படியில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. என் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்திருப்பார். படியெடுத்த கடிதங்கள் என்னிடம் பத்திரமாக இருந்தன. ஆனால் செத்துப்போன பெட்டியை வைத்துக்கொண்டு ஆச்சியிடம் இரண்டு ஃபிளாப்பியை நீட்டினால் அவர் எதை நம்புவார்?

எடுத்துவைத்த ஃபிளாப்பியைப் போட்டுத் திறந்தேன். லினக்ஸ் மெதுவாக எழுந்து வந்தது. அதற்குள்ளிருந்து விண்டோஸ் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாதப் பெயரில் நான் வைத்திருந்த கோப்புகள் வரிசையாக நின்றன. மூச்சு வந்தது. பிறகு சிடியில் இருந்த உதவிக் குறிப்புகளைத் தேடினேன். பெட்டியைத் திறந்ததும் யாரை எழுப்புவது என்று கேட்கும் சின்ன நிரலின் பெயர் லிலோ, ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. அதை எழுதியவர், திறக்கும் வேலையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தப் பெயரின் ஓர் எழுத்து திரையில் வருமாறு வைத்திருந்தார். நான்கு எழுத்தும் வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். எத்தனை எழுத்தோடு நின்றதோ, அதிலிருந்து எந்தக் கட்டத்தில் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு எழுத்தோடு நின்றால் என்ன காரணம், என்ன செய்ய வேண்டும் என்றும் இருந்தது. ஒரு கோப்பில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்த்து, லிலோவை மறுபடி பதித்துவிட்டு, பெட்டியை அணைத்துத் திறந்தேன்.

நான்கு எழுத்தும் வந்தன. விண்டோஸைக் கூப்பிட்டேன், வந்தது. லினக்ஸைக் கூப்பிட்டேன், அதுவும் வந்தது.

"வாங்க ஆச்சி, சொல்லுங்க."

ஆச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னைக்குப் பெட்டிய வேறு வச்சோம்னு மொதல்ல எழுது" என்றார். அடுப்படியில் மறுபடியும் பாத்திரம் உருண்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் நான் லினக்ஸுக்குள் திரிந்தேன். குறைகள் நிறைய. வண்ணத் திரையை வரவைக்கப் பாதி நாள் போனது. அச்சு எடுத்தால் ஒவ்வொரு வரியும் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போனது. தமிழ் கிடையாது. ஆசிரியை சொன்னதுபோல நேர்முகத் தேர்வில் யாரும் இதைக் கேட்காமலும் போகலாம், எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளே இருந்த நிரல்களைத் திறந்து வாசிக்க முடிந்தது. ஓர் இடத்தில் யாரோ, 'இந்த வரி ஏன் வேலை செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை, புரிந்தவர் எழுதுங்கள்' என்று குறிப்பு வைத்திருந்தார். எவ்வளவு படித்த மனிதராக இருப்பார்! தனக்குப் புரியவில்லை என்று எழுதி, ஊர் பெயர் தெரியாத எனக்கும் அதைக் காட்டுகிறார். அந்த வரியை நான்கு முறை படித்தேன். எனக்கும் புரியவில்லை. ஆனால் என்னையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார் என்பது புரிந்தது. கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்ற கேள்வியும் அதற்குப் பிறகு என்னைத் தொந்தரவு செய்யவில்லை. சனிக்கிழமை நான் கேட்டேன், பதில் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ஆசிரியையின் மேசைமீது படிவத்தை வைத்தேன். குழு உறுப்பினர்கள் என்ற இடத்தில் ஒரே பெயர். அவர் இயக்க மென்பொருள் என்ற வரியில் விரலை வைத்தார்.

"நல்லா யோசிச்சியாம்மா? இந்த எடத்த மட்டும் பென்சில்ல எழுதிக் கொண்டா. எச்.ஓ.டி. கிட்டப் போறதுக்குள்ள மாத்திக்கலாம்."

"கீழ பாருங்க மேடம்" என்றேன். முதல் மணி அடிப்பதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன்.