கடைசி ஓட்டை

எங்கள் ஃபோர்மேனின் பெல்ட் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. தோல் வெடித்த கறுப்பு பெல்ட். கடைக்காரன் போட்ட ஓட்டைகள் சீராக இருக்கும். கோணலாக இருப்பவை ஓசூர் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் துளை போடும் பன்ச்சை வைத்து அடித்தவை. ஒவ்வொன்றுக்கும் கை தட்டினோம். இப்போது நினைத்தாலும் யார் மேலாவது பாயத் தோன்றுகிறது.

அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை, இன்சுலின் போட்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மைத்துனர், பேனா மாதிரி ஒரு புது ஊசியைக் கொடுத்தார். சாப்பாடு இறங்கினால் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து, ‘இன்சுலினை வெளியே விடு’ என்று கணையத்துக்குச் சேதி அனுப்புமாம். அந்த ஹார்மோன் மாதிரியே வேலை செய்கிற மருந்து. பசி அடங்கும், எடை குறையும். அவ்வளவும் உண்மைதான். ஆனால் ஃபோர்மேன் ஒரு டாக்டரையும் கேட்காமல் இன்சுலினை நிறுத்தினார். பிரஸ்ஸுக்குப் புது டை, அதாவது அச்சு, வந்தால் பழைய டையைக் கழற்றி வைப்பது எங்கள் பழக்கம். ஊசியையும் அப்படியே நினைத்துவிட்டார்.

தொப்பை கரைந்தது. “என்னாண்ணா, மறுபடி மாப்பிள்ள ஆவறீங்களா?” என்று வெல்டர் சீண்டுவான். “நீ ஓட்டைய அடிடா. உங்க அண்ணி இனிமே என்னைத் தனியா பாகலூர் சந்தைக்கு அனுப்ப மாட்டா” என்பார். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தார். கேட்டால், வெயில் என்றார். நாங்களும் நம்பினோம்.

ஒரு நாள் காலை ஷிஃப்டில், புது ஓட்டை போட பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் ஓட்டையை அடித்து முடித்தபோது வாந்தி எடுத்தார். மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

“இன்சுலின யாரு நிறுத்தச் சொன்னது?” என்று டாக்டர் கேட்டார். “இவரு கணையம் எப்பவோ காலி. சேதி போனா போதுமா? அங்க சரக்கு இருக்கணும்ல?” இன்சுலின் இல்லாத உடம்பு தன்னையே தின்றுகொண்டிருந்தது. அதைத்தான் நாங்கள் இளைப்பு என்று கொண்டாடியிருக்கிறோம்.

அவர் திரும்பவில்லை. பெல்ட்டைக் கொடுக்கப் போனபோது அண்ணி கையில் வாங்கவில்லை. “எல்லாரும் கை தட்டறாங்கன்னு தெனமும் சொல்லிச் சிரிப்பாரு தம்பி” என்றார்.

இப்போது கேன்டீனில் பையன்கள் அதே வகை ஊசிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. எவனாவது இளைத்துவிட்டான் என்று கை தட்டினால்தான் எழுந்து போய்விடுகிறேன்.

பெல்ட்டில் மற்ற ஓட்டைகளெல்லாம் கொக்கி இழுத்து நீண்டிருக்கின்றன. கடைசி ஓட்டை மட்டும் அடித்தபடியே வட்டமாக இருக்கிறது.