பழைய கம்ப்யூட்டர் புறப்பட்ட நாள்

எண்பதுகளின் பிற்பாதி. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய சிறிய கம்பெனியில் நான் புரோகிராமர். கீழே மசாலா அரைக்கும் கடை. தும்மிக்கொண்டேதான் வேலை பார்ப்போம்.

சரக்குக் கணக்குக்காக நாங்கள் எழுதி விற்ற புரோகிராமில் யார் எப்போது எதை மாற்றினாலும், பழைய கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் அதைப் படிப்படியாகச் சேமித்து வைத்திருந்தது. புதிய கம்ப்யூட்டரில் அதே வேலைக்கு வேறொரு மென்பொருள். மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதால் இரண்டுக்கும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று பெயர் வைத்திருந்தேன். ஒன்று எழுதியது மற்றதற்குப் புரியாது. கடைசிப் பதிப்பு மட்டும் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டதால், அதை மட்டும் புதியதற்கு மாற்றி வைத்தோம்.

வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் திரும்பிப் போகவேண்டிய நாள் காலையில், ஒரு கப்பல் பட்டறையிலிருந்து போன் வந்தது. நாங்கள் கொடுத்த ஸ்டோர் புரோகிராம் நின்றுவிட்டதாம். உதிரி பாகம் எடுக்க முடியாமல் ஒரு கப்பல் காத்திருக்கிறதாம். அவர்களிடம் இருந்ததோ வெகு பழைய பதிப்பு. அது எங்கள் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. மற்ற வாடிக்கையாளர்களிடமும் ஆளுக்கொரு காலத்துப் பதிப்புதான்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் நிதானமானவர். "முதல்லேருந்து ஒவ்வொண்ணா எடுத்து, அதே வரிசைல புதுசுல போட்டுருவோம்" என்றவர், அதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓடவிட்டார். பாதிகூட முடியவில்லை, கம்ப்யூட்டரை ஏற்றிப் போக லாரிக்காரர் வந்து நின்றார். தமிழர்தான்.

"ஏம்மா, பூன் லேல இருக்கிற கிடங்கைப் பூட்டிருவாங்க லா" என்று சிங்கப்பூர் 'லா' போட்டுச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பத் தூக்கிட்டா மறுபடி கெடைக்காதா?"

"கெடைக்காதுண்ணே."

அவர் எங்கள் போனை எடுத்து, வண்டி வர நேரமாகும் என்று தன் ஆபீசுக்குச் சொன்னார். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூவருமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள், ஏன் மாற்றினோம் என்று அவர்கள் எழுதிய குறிப்புகள், எல்லாம் வரிசையாக ஓடின. ஒரு பிள்ளை தவழ்ந்து, எழுந்து நின்று, நடப்பதை ஒரே பிற்பகலில் பார்த்தது போல இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஒருவழியாக முடிந்ததும், பட்டறையின் பதிப்பை இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டோம். வித்தியாசம் இருந்தால்தான் திரையில் எழுத்து வரும்.

"என்னம்மா, ஒண்ணுமே வரலையே?" எங்களைவிட அவருக்குத்தான் பயம்.

"ஒண்ணும் வரலைன்னா எல்லாம் வந்துருச்சுன்னு அர்த்தம்ண்ணே."

அவர் பெருமூச்சு விட்டு எழுந்து, கம்ப்யூட்டரைத் தூக்க லாரியிலிருந்த ஆட்களைக் கூப்பிட்டார். நாங்கள் பிழையைத் திருத்தி அனுப்ப, கப்பலும் புறப்பட்டது. அதன் பிறகு எவ்வளவோ பெரிய கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் முன்பின் தெரியாத எங்களுக்காக ஏச்சை வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைக்கும்போது வருகிற பிரமிப்பு, எதைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை.