துறைமுகத்து கேஸ்காரர்

இருபது வருடம் ஃபிரிட்ஜ் பழுதுபார்த்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘கேஸ்காரர்’தான். அண்டை நாடுகள் ஆறும் சேர்ந்து வரியில்லா வணிக ஒப்பந்தம் போட்டபோது அதில் ஒரு நிபந்தனை இருந்தது: பூமியைச் சூடாக்கும் பழைய ரக ஃபிரிட்ஜ் கேஸ் எல்லை தாண்டக் கூடாது. சோதித்துப் பார்க்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும் என்று துறைமுகம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது.

மூன்றாவது மாதம், புது ரகம் என்று சீட்டு ஒட்டிய நானூறு சிலிண்டர்கள் வந்து இறங்கின. முதல் சிலிண்டரில் குழாயை மாட்டியதுமே மீட்டர் பழைய கேஸைக் காட்டிக்கொடுத்தது. சரக்கை வரவழைத்தவர் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் அண்ணன்.

மறுநாள் காலை மச்சான் முதலில் வீட்டுக்குப் போய்த் தங்கையை மிரட்டினார். பிறகு இரண்டு ஆட்களோடு சோதனைக் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

“மாப்ளே, சரக்கு நல்ல சரக்குன்னு எழுதிக் குடுத்துடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“அது மட்டும் முடியாது மச்சான்.”

“என் தங்கச்சியக் கட்டிக்கிட்டு எனக்கே குழி தோண்டுறியா?”

மரியாதை போன கையோடு, மச்சான் ஓங்கிய ஸ்பேனர் கேஸ்காரர் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. ஆட்கள் இருவரும் அவரைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். மச்சான் ஒரு சிலிண்டரைக் கவிழ்த்து, அவர் முகத்துக்கு நேரே திறந்தார். சீறிய திரவத்தில் இடது கண் உறைந்தது. கன்னத்துத் தோல் வெளுத்து வெடித்தது. அலறிக்கொண்டே அவர் பக்கத்தில் இருந்தவன் காதைக் கடித்தார். வாய் முழுக்க ரத்தம். விடவில்லை.

அண்ணன் பின்னாலேயே ஓடி வந்த மனைவி இதைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி அண்ணன் முதுகில் ஓங்கி அடித்தாள்.

“ஏய், நான் உன் அண்ணன்டி!”

“தெரிஞ்சுதான் அடிக்கிறேன்.”

இரண்டாவது அடியில் அண்ணன் சுருண்டு விழுந்தார். ஆட்கள் ஓடிவிட்டார்கள்.

கண் போனது போனதுதான். நீதிமன்றத்தில் மனைவி தான் பார்த்ததை அப்படியே சொன்னாள். அண்ணனுக்கு ஏழு வருடம் விழுந்தது.

ஐந்து மாதம் கழித்து ஊன்றுகோலோடு வேலைக்குப் போனார். நானூறும் அங்கேயே கிடந்தன. சரக்கை நிறுத்தி வைத்தது வணிகத்துக்குத் தடை என்று, அனுப்பிய நாடு ஒப்பந்தக் குழுவில் வாதாடிக்கொண்டிருந்தது. கடைசியில் குழு அழிக்கச் சொன்னது. உலையில் எரித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

மாமியார் அதற்குப் பிறகு மகளோடு பேசவே இல்லை. ஜெயிலில் இருக்கும் அண்ணனின் மனைவி மட்டும் ஒருநாள் வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே நின்று, “அவருக்கு வலி கொறஞ்சிருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.